கீசர் வாரண்டி அட்டை: மூலமும் உரையும்

உரை காணாத நூல்கள் தமிழ்நாட்டில் அரிது. அவற்றுள் தலையாயது, கீசர் பெட்டிக்குள் தெர்மகோலுக்கும் திருகாணிப் பொட்டலத்துக்கும் நடுவே கிடக்கும் வாரண்டி அட்டை. நான்காக மடித்தது, எழுத்து எறும்பளவு. படித்தவர் அரியர், தொலைத்தவர் எண்ணற்றோர். சுவரில் ஈரம் படர்ந்த பிறகே தேடப்படுவது இதன் தனிச்சிறப்பு. அந்த நூலுக்கு உரை காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் பெயராராய்ச்சி. ஐஸ்லாந்தில் பீறிட்டெழும் 'கெய்சிர்' என்னும் வெந்நீர் ஊற்றின் வழி வந்த சொல் கீசர். 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன், தாம் உருவாக்கிய எரிவாயு வெந்நீர்க் கருவிக்கு அதைச் சூட்டினார். வாரண்டியும் கியாரண்டியும் ஒருதாய் மக்கள். பிரெஞ்சின் ஒரு வட்டார வழக்கு 'வ' என்றதை மற்றொன்று 'க' என்றதால், ஒரே சொல் ஆங்கிலத்துக்குள் இரண்டு வேடத்தில் நுழைந்தது. "கியாரண்டின்னா மாத்தித் தருவாங்க, வாரண்டின்னா ரிப்பேர் பண்ணித் தருவாங்க" என்பது நாட்டார் வழக்காறு. ஆய்வுலகம் அதை ரசிக்கும், ஏற்காது. அட்டையில் அச்சானதே செல்லும்.

நூல் மூன்று காண்டங்களால் ஆனது. முழுப் பொருளுக்கு 2 ஆண்டு, காயிலுக்கு 4, டேங்குக்கு 7 என்பது கடைகளில் காணப்படும் பாடங்களுள் ஒன்று. பெட்டியின் நெற்றியில் பெரிதாக ஒளிர்வது 7 மட்டும். அதன் தோளில் சிறியதோர் உடுக்குறி. மூன்றையும் கூட்டிப் பதின்மூன்று ஆண்டு என மகிழ்வோரும் உளர். பிழை. மூன்றும் பில் தேதியன்றே ஒன்றாகக் கிளம்பி, ஒவ்வொன்றாக வழியில் இறங்கிவிடுகின்றன.

உரையாசிரியர்கள் இருவர். கடைக்காரர் உரை: "ஏழு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார்." மூன்றாம் ஆண்டில் வரும் சர்வீஸ்காரர் உரை: "டேங்குக்குத்தான் சார் ஏழு வருஷம். தெர்மோஸ்டாட், வால்வு எல்லாம் ரெண்டோட முடிஞ்சுபோச்சு. விசிட் சார்ஜ் தனி." மூலத்தோடு ஒப்பிட்டால் பின்னவர் உரையே பொருந்துகிறது. பழுதான பாகத்தை வாரண்டியில் மாற்றினாலும் ஆண்டுக்கணக்கு முதலிலிருந்து தொடங்குவதில்லை. பழைய கணக்கின் மிச்சமே புதிய பாகத்துக்கும் பொருந்தும் என்பதே வழக்கமான விதி.

ஏழாண்டுப் புகழ் பெற்ற டேங்க் யார் தயவில் வாழ்கிறது? உள்ளே தொங்கும் ஒரு மெக்னீசியம் தண்டின் தயவில். எஃகைவிட மெக்னீசியம் எளிதில் அரிபடும். ஆகவே பூச்சில் விரிசல் விட்ட இடத்தில் டேங்குக்கு வரவேண்டிய அரிப்பைத் தண்டு தன்மேல் வாங்கிக்கொள்கிறது. 1824இல் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பலிகொடுத்தது இதே தத்துவத்தில்தான். புதிதில் வழவழவென்று விரல் பருமன் இருக்கும் தண்டு, சில ஆண்டு உப்புத்தண்ணீரில் கிடந்தபின் வெளியே எடுத்தால், மென்று துப்பிய முருங்கைக்காய்போல் இருக்கும். நடுவில் கம்பி, அங்கங்கே வெள்ளைத் திட்டு. அதைப் பார்த்து மாற்றும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அது தீர்ந்த மறுநாள் முதல் டேங்க் தன் சொந்தக் காலில் நிற்கிறது.

அடுத்தது விலக்கியல். கடின நீர், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, கம்பெனி அங்கீகரிக்காத ஆள் மாட்டியது, கடை அல்லது விடுதிப் பயன்பாடு என்று பட்டியல் நீளும். இவற்றுள் கடின நீரே வில்லன். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. அதைத் தாண்டும் போர்வெல்கள் பல உண்டு. சூடேறச் சூடேறக் கால்சியம் கார்பனேட் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பாகப் படியும். காயில் அதற்குள்ளேயே வெந்து கருகும். பாதுகாப்பு வால்வு சொட்டுவதையும் இங்கே சொல்ல வேண்டும். சூட்டில் விரிந்த நீர் அவ்வழியே வெளியேறுகிறது. அதைப் பழுதென்று எண்ணிப் பசை வைத்து அடைப்பவர் வாரண்டியை மட்டும் இழப்பதில்லை. குளியலறையில் ஒரு பிரஷர் குக்கரை விசில் இல்லாமல் மாட்டி வைக்கிறார்.

அட்டைப்படி உரியதை நிறுவனம் மறுத்தால்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை. கீசர் எதுவும் அந்த வரம்பை நெருங்குவதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இறுதியாக, இவ்வாய்வின் வரம்பு. வாரண்டிக்கு உயிர்நாடி பில். அது பெரும்பாலும், சூடுபட்டால் கறுக்கும் பூச்சுத்தாளில் அச்சாவது. வெயிலும் காலமும் பட்டால் வெளிறும் தன்மையது. ஏழாண்டு வாக்குறுதிக்கான சாட்சி ஓரிரு ஆண்டிலேயே வெள்ளைத்தாளாகிவிடக்கூடும். ஆகவே வாசகர்கள் கீசர் வாங்கிய அன்றே பில்லை ஜெராக்ஸ் எடுத்து, அட்டையில் கடை முத்திரையும் தேதியும் சீரியல் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டையும் கேஸ் புத்தகத்தோடு சேர்த்து வைக்கவும். தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.