ஆயிரங்கை மாமனார்

புராணச் சாயலில் ஆங்கிலத்தில் குவியும் இளையோர் நாவல்களில், நாயகனும் நாயகியும் முதல் பக்கத்திலேயே ஒருவர்மீது ஒருவர் வாளை உருவுகிறார்கள். அது உறைக்குள் திரும்ப முந்நூறு பக்கமாவது ஆகிறது.

திருவனந்தபுரத்துக் கதகளி ரசிகருக்குக் காதலும் பகையும் கலந்த இந்தக் கதை பழைய சரக்கு. ‘பாணயுத்தம்’ கதையில் அசுர இளவரசி உஷை, கனவில் கண்டவனைத் தேடுகிறாள். தோழி சித்திரலேகை முகம் முகமாக வரைகிறாள். கிருஷ்ணனின் பேரன் அநிருத்தனின் முகம் வந்ததும் உஷைக்கு வெட்கம். உடனே துவாரகையில் தூங்கிக்கொண்டிருந்த பையனை அப்படியே தூக்கிவந்துவிடுகிறாள் தோழி. அவன் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பகையா? அது அப்பா பாணாசுரனின் இலாகா. நாகபாசம், படையெடுப்பு, காவலுக்குச் சாட்சாத் சிவபெருமான். கடைசியில் பாணனின் ஆயிரம் கைகளில் நான்கு மிஞ்சின. மகளைத் தாரை வார்க்க அது தாராளம்.

பக்கத்துக் கிளிமானூரில் 1848இல் பிறந்த ராஜா ரவிவர்மாவும் உஷையை வரைந்தார். போரை அல்ல, கனவை. அட்டைப்படத்துக்கு எது எடுபடும் என்று தெரிந்த மனிதர்.