வேனாற்றுப்படை: ஒரு சுயாதீன இசைக்குழுவின் வார இறுதிப் பயணம் பற்றிய கள ஆய்வு

பத்துப்பாட்டை உ.வே.சா. 1889-இல் அச்சேற்றினார். அன்று தொட்டு அதிலுள்ள ஆற்றுப்படைகளைப் பற்றி எழுதாத தமிழாசிரியர் குறைவு. நானும் எழுதி ஓய்வு பெற்றவன்தான். ஆனால் எங்களில் எவரும் பாணர்களோடு ஒரு நாளாவது ஊர் போய் வந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெருங்குறை சென்ற ஆடி மாதம் நீங்கியது. என் தங்கை மகன் பேஸ் கிட்டார் வாசிக்கும் குழுவுக்குச் சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி. வேனில் ஓர் இருக்கை காலி. "சும்மா வாங்க மாமா, திருவண்ணாமலை வழியாத்தான் போறோம், கோபுரமாவது பாக்கலாம்" என்றான். ஆய்வு நல்கை என்று எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான்.

முதலில் பாதை. சென்னை, திண்டிவனம், புதுச்சேரி; மறுநாள் திரும்பவும் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர்; அங்கிருந்து ஆம்பூர், வேலூர், காஞ்சிபுரத்து ஓரமாகச் சென்னை. ஏறக்குறைய 800 கிலோமீட்டர். இதைத் தாங்களே கைபேசி வரைபடத்தைப் பார்த்து வகுத்ததாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில், சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஊர். செங்கம்தான் மலைபடுகடாத்து நன்னனின் செங்கண்மா. காஞ்சி, பெரும்பாணாற்றுப்படையின் இளந்திரையனுடையது. முருகனிடம் அனுப்பும் திருமுருகாற்றுப்படையைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவன நான்கு. அந்த நான்கில் மூன்றின் புரவலர்கள் இந்த ஒரே சுற்றில் அகப்பட்டுவிடுகிறார்கள். விடுபட்டவன் பொருநராற்றுப்படையின் கரிகாலன் மட்டுமே. அவன் காவிரிப் பக்கம் இருக்கிறான். கிலோமீட்டருக்கு 24 ரூபாய் வாடகை, டிரைவர் பேட்டா தனி, பெர்மிட் தனி என்ற நிலையில் அவனைப் பார்க்கக் கட்டுப்படியாகாது.

அடுத்தது பாணர் வகைப்பாடு. சீறியாழுக்கு நரம்பு ஏழு, பேரியாழுக்கு இருபத்தொன்று என்பார்கள். என் மருமகனின் கருவிக்கு நான்கே நான்கு. ஆகவே அவன் சிறுபாணனிலும் சிறியவன். குழுவில் கிட்டார்கள் இரண்டு, தலைக்கு ஆறு. மூவரும் ஒன்று சேர்ந்தாலும் பதினாறுதான். பேரியாழுக்கு இன்னும் ஐந்து குறைகிறது. இதைத் தாம்பரம் தாண்டுவதற்குள் அவர்களிடம் தெரிவித்தேன். யாரும் மறுக்கவில்லை.

இனி இவ்வாய்வின் மையப் பொருளாகிய கலப்பைக்கு வருவோம். உழும் கலப்பை அல்ல. கலம் வைக்கும் பை. மலைபடுகடாம் தொடங்குவதே கூத்தர்கள் கருவிகளைப் பையிலிட்டுக் கட்டிச் சுமந்து வருவதில்தான். அந்தப் பைகள் கொத்தாகக் காய்த்த பலாக்காய்களைப் போல இருந்தனவாம். உவமையின் நேர்மையை வேனின் பின்கதவைத் திறந்தபோதுதான் உணர்ந்தேன். டிரம் உறைகள் மூன்று அளவில், உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, உண்மையாகவே பலாக்காய். ஸ்டாண்டுகள் அடங்கிய பை தனி. அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். இடுப்பு இன்னும் நினைவு வைத்திருக்கிறது. ஏற்றும் முறைக்கும் இலக்கணம் உண்டு. ஸ்டாண்டுப் பை முதலில், ஆம்ப் அதன் மேல், கிட்டார்கள் கடைசியாக, படுக்கவைக்காமல். சிம்பல் பையை டிரம்மர் எவரிடமும் கொடுப்பதில்லை. கைக்குழந்தைபோல மடியிலேயே பெங்களூர் வரை வந்தது. இந்த இலக்கணத்தைக் குழுவினர் இயற்றியதாகச் சொல்லிக்கொள்வார்கள். வேனுக்குள் ஏறி நின்று, "அதை எடு தம்பி, இதை உள்ள தள்ளு" என்று திருத்தி எழுதுபவர் டிரைவர் அண்ணன்.

பாடகர் மட்டும் ஏற்றும் நேரத்தில் எப்போதும் கைபேசியில் பேசிக்கொண்டிருப்பார். தொண்டையைக் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். புறநானூறு 103-இல் விறலி ஒருத்தி ஒரு பக்கம் பதலையும் மறுபக்கம் சிறுமுழவும் தொங்கத் தூக்கிக்கொண்டுதான் அதியமானிடம் போகிறாள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நிகழ்ச்சிகளைப் பற்றி விரிப்பதற்கில்லை. யாழைப் பண்ணமைப்பது பாட்டில் ஓரிரு அடிகளில் முடிந்துவிடும். புதுச்சேரியில் சவுண்ட் செக் 1 மணி 50 நிமிடம் நடந்தது. "ஹம் வருது ப்ரோ" என்று ஒருவர் சொல்வார். எல்லா ஒயர்களையும் பிடுங்கி மறுபடி செருகுவார்கள். பிறகு ஐவரும் வரிசையாக, மானிட்டரில் தத்தம் ஒலியைக் கொஞ்சம் ஏற்றச் சொல்வார்கள். ஐந்தும் ஏறியதும் பழையபடி யாருக்கும் எதுவும் கேட்காது. ஊர் இரண்டிலும் சேர்த்து வாசித்தது 85 நிமிடம். பயணம் 48 மணி நேரம். பெங்களூரில் முன்வரிசையில் இருந்த ஒருவர் ராஜா சார் பாட்டு ஒன்று கேட்டார். சொந்தப் பாட்டு மட்டும்தான் என்றார்கள். அவர் அமைதியாக எழுந்து போய் வெளியே நின்றுகொண்டார்.

பரிசில் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரிகாலன் பொருநனுக்கு வெள்ளைக் குதிரைகள் நான்கு பூட்டிய தேரைக் கொடுத்து, ஏழடி பின்னால் நடந்து வழியனுப்பினான். பெங்களூர் அரங்கின் மேலாளர், "இன்வாய்ஸ் மெயில் பண்ணிடுங்க, முப்பது நாள்ல வந்துடும், பத்து பர்சென்ட் டி.டி.எஸ். போக" என்றார். ஆனால் ஏழடி என்ன, இருபதடியே நடந்து வந்தார். வேன் சரக்கு வண்டிக்கு வழியை மறித்து நின்றிருந்தது. அதை எடுக்கச் சொல்லத்தான்.

சிறுபாணாற்றுப்படையில் வழிநெடுகச் சாப்பாடு. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்ந்த சுடுசோறு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு. எங்கள் வேனில் இரண்டு நாளாக ஒரே பேச்சு, ஆம்பூர் பிரியாணி. சீரகச் சம்பா, பக்கத்தில் கத்தரிக்காய். ஆமூரே ஆம்பூர் என்று நிறுவிவிடலாமா என்ற சபலம்கூட எனக்கு வந்தது. திங்கள் காலை 9.30-க்கு நால்வருக்கு அலுவலகம் என்பதால் இரவோடு இரவாகக் கிளம்பி, ஆம்பூரை அடைந்தபோது மணி 2.45. ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். டிரைவர் அண்ணன் வேகத்தைக் குறைத்தார், எல்லோரும் பார்த்தோம், மறுபடி ஏற்றினார்.

வேலூர் தாண்டி ஒரு டீக்கடையில் இன்னொரு வேன் நின்றது. ஆடி ஞாயிறு, அம்மன் கோயில் கச்சேரி முடித்துத் திரும்பும் மெல்லிசைக் குழு. அதன் தலைவர், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர், எங்கள் பலாக்காய்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பேண்டா தம்பி? சொந்தப் பாட்டா? நல்லது, நல்லது. காசு கைக்கு வந்துச்சா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் ஒரு மிடறு டீ குடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். போளூர் பக்கம் ஒரு கோயில். அட்வான்ஸ் முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். ஆலமரத்துக்கு இடப்பக்கம் திரும்பவேண்டும், வலப்பக்கம் போனால் ஏரிக்கரை, வேன் இறங்கிவிடும். சாப்பாடு உண்டு. மேடையில் செட்டுக்காரன் ஒயரை மிதித்துவிடக் கூடாது, ஷாக் அடிக்கும். விடிய விடிய வாசிக்கவேண்டும், ராஜா பாட்டு பாதியாவது இருக்கவேண்டும். மலைபடுகடாமும் இப்படித்தான் பாம்பு, பன்றிப் பொறி, கவண்கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரித்தபடியே நன்னனிடம் அனுப்பும். பரிசில் பெற்று வருபவன், பெறாதவனை வழியில் நிறுத்தி வழிசொல்வது. நாற்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்திய இலக்கணம், டீக்கடை டியூப்லைட்டின் கீழே கண்ணெதிரே நடந்தது. குறிப்பேட்டை வேனில் விட்டிருந்தேன்.

போகும்போது அவர்கள் வேனிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் புளிசோறு, இன்னும் இளஞ்சூடு. சிறுபாணாற்றுப்படையின் வேலூர் திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டில் இருப்பது. இது பாலாற்றங்கரை வேலூர். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியவர்களை ஒரு காலத்தில் நானே அச்சில் கண்டித்திருக்கிறேன். மருமகன் இலையைப் பாதியாகக் கிழித்து என்னிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க மாமா" என்றவன், டிரம்மர் பக்கம் திரும்பி, "டேய், அந்தத் தர்மகர்த்தா நம்பரை சேவ் பண்ணியாச்சா?" என்றான்.