கோல் + ஆர்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

இந்தியக் கால்பந்து அணியின் முன்வரிசை ஏன் கோல் அடிப்பதில்லை என்பது இக்கட்டுரை நுதலிய பொருள். களம், மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் பெங்களூருக்குக் கிளம்பும் பாசஞ்சர் வண்டி. கருவிகள், நான்கடுக்கு டிபன் கேரியர் ஒன்று, ஊறுகாய் டப்பா ஒன்று, வேர்க்கடலை ஒன்று. நிதி நல்கியவர் எவருமிலர். சீசன் டிக்கெட் என் சொந்தக் காசு.

முதற்கண் சொல்லாராய்ச்சி. கோலார் என்பது குவளாலபுரம் என்பதன் தேய்வு, கங்கர்களின் தலைநகரம் அது என்பர் வரலாற்றாசிரியர். இருக்கட்டும். பந்தாட்டம் பார்ப்பவன் காதில் அது கோல் + ஆர் என்றே பிரியும். மெய்யின்மேல் உயிர் ஏறிக் கோலார் ஆயிற்று. ஆர் என்பது யார் என்பதன் மருவிய வடிவம். ஆகவே 'கோல் ஆர்?', அதாவது 'கோல் அடிக்கப் போவது யார்?' என்ற வினாவையே ஒரு மாவட்டம் தன் பெயராகச் சூடிக்கொண்டிருக்கிறது. அந்த மாவட்டத்துத் தங்கவயல் வண்டியில் உட்கார்ந்து இந்த ஆய்வைச் செய்யாமல் வேறெங்கே செய்வது?

இனிச் சான்றுகள். கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடியது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. அந்த ஆண்டு முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பையை வென்றோமே என்று கேட்பீர்கள். வென்றோம். லெபனானோடு அரையிறுதி 0-0, குவைத்தோடு இறுதி 1-1, இரண்டையும் பெனால்டி உதைகள்தாம் முடித்துவைத்தன. 240 நிமிடங்களுக்கு ஒரு கோல். கோப்பையைக் கொண்டுவந்தவர் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து, முன்வரிசை கைதட்டியது.

காரணம் பூட்ஸ் என்பாரும் உளர். வெறுங்காலோடு ஆடிய காலத்தில் நாம் சிறந்திருந்தோம், தோல் வந்து கெடுத்தது என்பது அவர் கொள்கை. அது பொருந்தாது. என்னை? 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்தார்கள். 1-2 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். (பெயரைக் கவனிக்க. அதை வைத்து வேறு முடிவுக்குப் போக வேண்டாம், வண்டியில் ஏற்கெனவே போய்விட்டார்கள்.) அதே ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்டிகள் அதே வெறுங்கால்களால் வீணாயின. 1956 மெல்போர்னிலோ, பூட்ஸ் மாட்டிய நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். 4-2 என்று வென்று, போட்டியில் நான்காம் இடம் பெற்றோம். பாதம் குற்றமற்றது.

உயரம் போதாது, உணவு போதாது, ராசி போதாது என்னும் கொள்கைகளும் உள. அவை பங்காருபேட்டை வருவதற்குள் அடங்கிவிடும். அங்கே ஏறும் கூட்டத்தில் கொள்கைக்கு மூச்சுவிட இடமில்லை.

இனி எம் கொள்கை. ஒரு வாக்கியத்துக்கு எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என மூன்று உறுப்புகள். நம் தாக்குதலில் எழுவாய் உண்டு, நீலச் சட்டையோடு பதினொருவர். செயப்படுபொருள் உண்டு, உருண்டையாக, காற்றடைத்து. மூன்றாவது உறுப்பின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பயன் இலை.

நுணுகிப் பார்த்தால் அங்கே வினையே இல்லை என்று சொல்ல முடியாது. எச்சமாக இருக்கிறது. இடப்பக்கம் முன்வரிசை வீரர் சாங்டே பந்தை வாங்கி, ஓடி, ஒருவனைத் தாண்டி, கோட்டருகே போய், நிமிர்ந்து பார்த்து, யாருமில்லாததால் திரும்பி, பின்னுக்குத் தட்டி, பின்னவர் வலப்பக்கம் மாற்றி, வலப்பக்கத்தவர் வாங்கி, ஓடி... இவ்வளவும் வினையெச்சம். 'அடித்தான்' என்ற வினைமுற்று வரும் என்று வாசகன் காத்திருக்கிறான். நடுவர் ஊதிவிடுகிறார்.

இதைப் பெஞ்சின்மேல் நிறுவிக் காட்டியவர், ஒயிட்ஃபீல்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போகும் ஓர் அண்ணன். கேரியரின் நான்கு அடுக்குகளையும் பிரித்து எதிரணியின் தடுப்பு வரிசையாக வைத்தார். சாம்பார் அடுக்கு நடுவில். அது கனம், அசையாது. அவற்றின் நடுவே ஊறுகாய் டப்பா நம்முடைய ஒன்பதாம் எண். வேர்க்கடலை பந்து.

"இன்னா சார் ஆராய்ச்சி? இங்க பாருங்க. இவனுக்குக் கடலையே வராது. வந்தாலும் பழக்கம் இல்ல. ஏன்னா இவன் கிளப்புல ஊறுகாய் கிடையாது, தண்ணி டம்ளர். ஓரத்துல நிக்க வெச்சிருப்பான்."

"அப்போ கிளப்புல நடுவுல யாரு நிக்கறது?"

"ஃபாரின் ஊறுகாய்."

மொத்த ஆய்வும் அந்த இரண்டு சொற்களில் அடங்கும். 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் அதிக கோல் அடித்தவருக்குத் தங்கக் காலணி தருகிறார்கள். 2024-25 வரை ஒருமுறைகூட அதை இந்தியர் மாட்டியதில்லை. சென்னையின் எஃப்.சி.க்காக லித்துவேனியாவின் வால்ஸ்கிஸ் ஒருமுறை வாங்கினார். 2024-25இல் 23 கோல் அடித்த மொராக்கோவின் அலாதீன் அஜாரே வாங்கினார். எச்சத்தை நம்மவர் எழுதுகிறார்கள், முற்றை இறக்குமதி செய்கிறோம். தேசிய அணியில் இறக்குமதிக்கு இடமில்லையாதலால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. தங்கம் வெளியே போன கதையை எங்களூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜான் டெய்லர் கம்பெனி காலம் முதல் அதைத்தான் பார்த்தோம்.

ஒரு நாட்டில் எஞ்சிய தாதுவைக் கணக்கிடவும் எங்கள் ஊரே அளவுகோல். தொடக்கத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் தேறியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடும்போது டன்னுக்கு 3 கிராம் தேறினாலே பெரிது. தோண்டும் ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. செலவு ஏறியது, கிடைப்பது குறைந்தது. பந்தை எழுபது தடவை தட்டி ஒரு கோலுக்கு வழி தேடும் அணியைப் பார்த்தால், மூடும் காலத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கமே நினைவுக்கு வரும்.

அரைத்து எடுத்தபின் கொட்டிய கழிவுதான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைட் மேடுகள். அவற்றில் இன்னும் தங்கம் இருக்கிறது என்று அவ்வப்போது திட்டம் வரும். கால்பந்துக் கூட்டமைப்பும் அதைச் செய்தது. 2024 ஜூன் 6இல் குவைத்தோடு 0-0 என்று ஆடி, 94 கோல்களோடு ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், அவருடைய நாற்பதாம் வயதில், திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக அவர் 95ஆவது கோலை அடித்தார். மேட்டில் பொன் இருந்தது உண்மைதான். ஆறு நாள் கழித்து அதே ஊரில் வங்கதேசத்தோடு 0-0. அதே ஆண்டு நவம்பரில் டாக்காவில் 0-1.

ஊறுகாய் டப்பாவைக் கிளப்பிலும் நடுவில் வைத்துப் பழக்காதவரை இந்த வாக்கியம் முற்றுப்பெறாது என்பது எம் துணிபு. மறுப்போர் நேரில் வரலாம். பங்காருபேட்டையில் ஏற நினைக்க வேண்டாம். மாரிக்குப்பத்துக்கே வந்து ஏறினால் ஜன்னலோரம் உட்கார இடம் கிடைக்கும். கடலையை நீங்களே கொண்டுவர வேண்டும், பழையதை அண்ணன் தின்றுவிட்டார்.