டவர் சார்

ஓரளவு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் அதில் ஒரு டவர் சார் இருப்பார். மாடிப்படி ஏறும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கிடார் வாசிப்பு ஆரம்பிக்கும், கொஞ்சம் போகும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரும். ஈகிள்ஸ் குழு 1994-இல் மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அது. தொடக்கத்தில் டிரம் ஒன்று 'தும்' என்று அடிவயிற்றில் விழும். அந்தத் தும்முக்காகத்தான் இத்தனை பாடும். பாடகர் வாய் திறப்பதற்குள் சார் நிறுத்திவிடுவார். அந்தப் பாட்டில் பாடவும் செய்கிறார்கள் என்பது எதிர்வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

வங்கியிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வை நெருங்குபவர். ஹாலில் அவர் மார்பளவு உயரத்துக்கு இரண்டு டவர் ஸ்பீக்கர்கள் நிற்கும். மகள் கல்யாணத்தின்போது, "இந்தக் காலத்துல போய் ஜாதகம் என்னங்க" என்று சம்பந்தி வீட்டாரிடமே சொன்ன முற்போக்காளர் இவர். ஸ்பீக்கருக்கு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், தேடும்போது மட்டும் ஒரு பொருத்தம்கூட விடமாட்டார்.

"நம்ம ஸ்பீக்கர் எண்பத்தேழு டெசிபெல்தான். அதுலயும் நாலு ஓம். கரன்ட் தாராளமா கொடுக்கிற மாப்பிள்ளையா இருக்கணும். வாட்ஸை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது."

இதைக் கேலி செய்ய நினைத்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதுவரை சார் சொல்வது அத்தனையும் சரி. எண்பத்தேழு டெசிபெல் என்றால், அந்த ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று கேட்டால் கிடைக்கும் சத்தம். அதற்கு மேல் 3 டெசிபெல் வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 2 வாட்டில் 90, 4 வாட்டில் 93, 8 வாட்டில் 96. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட். ஓம் கணக்கும் இப்படித்தான். 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு மின்னோட்டத்தை 4 ஓம் ஸ்பீக்கர் இழுக்கும். அதைத் தாங்காத ஆம்ப் சூடாகி, தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சாரின் பழைய ஆம்ப் ஒன்று, சம்பந்தியை உட்காரவைத்துக் கேட்கச் சொன்ன அன்று, பாட்டு உச்சத்துக்குப் போன நொடியில் இப்படி மௌன விரதம் பூண்டது. அதற்கும் முன்னால் 300பி வால்வு போட்ட ஆம்ப் ஒன்று இருந்தது. 8 வாட்தான். அந்தி வெளிச்சத்தில் அதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் அது நூறு டெசிபெலை ஒட்டிய ஹார்ன் ஸ்பீக்கருக்கு வாழ்க்கைப்பட வேண்டியது. சாரின் டவர்களோடு சேர்த்ததும் தனி வயலின் தேன், முழு ஆர்கெஸ்ட்ரா தயிர் என்று ஆகிவிட்டது. விற்றுவிட்டார்.

இப்போதிருப்பது 150 வாட். இரண்டு ஆள் பிடித்துத்தான் தூக்க முடியும். சார் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் அதிலிருந்து 2 வாட் செலவானால் அதிகம். கீழ் வீட்டு மாமி மேலே ஏறி வருவதற்கு 4 வாட் போதும். மிச்சமெல்லாம் திடீர் உச்சங்களுக்கான கையிருப்பு. இதுவும் நியாயம்தான். சின்ன ஆம்ப்பை முழுக்கத் திருகி வைத்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டு, மேல் சுரங்களைத் தரும் ட்வீட்டர் கருகிப்போக வாய்ப்புண்டு. ஆக ஆம்ப் வரைக்கும் சார் இன்ஜினியர்.

கேபிளுக்கு வந்ததும் காவி கட்டிவிடுகிறார்.

ஆம்ப்பிலிருந்து ஸ்பீக்கருக்கு 3 மீட்டர். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் போட்டால், போக வர 6 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.04 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது நூற்றில் ஒரு பங்கு. குறையும் சத்தம் 0.1 டெசிபெல்கூட இல்லை. ரிச்சி தெருவில் இந்தக் கணக்கைச் சொல்லி ஒரு கடைப் பையன் சாருக்கு நல்லது செய்யப் பார்த்தான். "தம்பி, நீ காதால கேட்டுப் பாத்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். வாங்கியது பாம்பு கனத்தில், வலைப் பின்னல் உறை போட்ட கேபிள். அதில் அம்புக்குறி வேறு இருக்கிறது, ஒலி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று. ஸ்பீக்கர் கம்பியில் ஓடுவது மாறுமின்னோட்டம், நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருவது. அம்புக்குறியைப் பார்த்து அது எந்தத் திசையில் வெட்கப்படும் என்று தெரியவில்லை.

விலையைக் கேட்டால் மீட்டருக்குச் சொல்வார். மொத்தத்துக்குச் சொல்வதில்லை. எத்தனை மீட்டர் என்று வீட்டம்மா கேட்டால், "ஸ்டீரியோன்னா ரெண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கணும்" என்று பேச்சு இயற்பியலுக்குத் திரும்பிவிடும்.

கேபிள் தரையில் படக்கூடாதாம். தரையில் நிலைமின்சாரம், அதிர்வு, இன்னும் என்னென்னவோ. அதனால் கொலுப்படியில் மிஞ்சிய மரக்கட்டைகளை வரிசையாக வைத்து அதன்மேல் கேபிளைக் கிடத்தியிருக்கிறார். வீடு பெருக்க வரும் அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "ஏன் சார், வயருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த மூலை பெருக்கப்படுவதில்லை.

வந்த விருந்தாளியின் கதி தனி. ஹாலில் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான் ஸ்டீரியோ உரிமை. அதில் உட்காரவைத்து, தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று போட்டோ ஸ்டூடியோக்காரர் பிடிப்பதுபோல் பிடித்து நிறுத்துவார். பிறகு ஃபேனை அணைப்பார். ஏ.சி.யும் நிற்கும். "பின்னணி கறுப்பா இருக்கணும்" என்பார். மே மாதச் சென்னையில், வியர்வை காதோரம் இறங்க, இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' கேட்பது ஒரு தவம். 1986-இல் வந்த அந்த இசைத்தொகுப்பின் வயலின்கள் இன்றைக்கும் சிலிர்க்கவைக்கின்றன. சார் நம்மைச் சிலிர்க்க விட்டால்தானே!

"இப்போ... இந்த எடம்... வில்லு நரம்புல பட்டுச்சே, கேட்டுதா? பழைய கேபிள்ல இது இல்லை. ஒரு திரை விலகின மாதிரி இல்லே?"

"ஆமா சார், விலகிடுச்சு." ஃபேன் வர வேறு வழியில்லை.

கம்பியின் மேல்தோலில் ஓடும் அதி உயர் அதிர்வெண்களைப் பற்றிச் சார் நீளமாகப் பேசுவார். அறுபதை நெருங்கியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே கேட்பதில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னது வேறு ஒன்று. அமெரிக்க மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி 2007-இல் ஒரு சவால் விட்டார். ஆயிரக்கணக்கான டாலர் விலைபோகும் ஸ்பீக்கர் கேபிளைக் கண்ணால் பார்க்காமல், காதால் மட்டும் கேட்டு இன்னொரு கேபிளிலிருந்து பிரித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர். அதை யாரும் வாங்கிப் போகவில்லை. சார் கொஞ்சமும் அசரவில்லை. "பரீட்சைன்னாலே காது டென்ஷனாயிடும்ங்க" என்றார்.

கேபிள் முடிந்ததும் மின்சாரம். 230 வோல்ட் 'அழுக்காக' வருகிறதாம். ஸ்டீரியோவுக்கென்று தனி எர்த் வேண்டும் என்று குடியிருப்பு வளாகத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கி, செம்புத் தகடு இறக்கினார். அசோசியேஷன் செயலாளர் ஓடி வந்தார். செடி வைக்கிறேன் என்று சொல்லித் தப்பினார் சார். இப்போது அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு செம்பருத்தி நிற்கிறது. உப்பு மண்ணில் அது பிழைத்ததைச் சார் மின்சாரத்தின் தூய்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார்.

இத்தனை செய்தவர் தொடாத பொருள் ஒன்று உண்டு. ஹால். பன்னிரண்டு அடி நீள அறை என்றால் 47 ஹெர்ட்ஸ் அருகே தாழ்ந்த சுரம் சுவருக்குச் சுவர் மோதித் தேங்கிக் குமுறும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் அந்தக் குமுறல் இன்னும் கூடும். மொசைக் தரை, வெற்றுச் சுவர் என்றால் மேல் சுரங்களும் எகிறிக் குதிக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தால் எந்தக் கேபிளாலும் ஆகாதது ஆகிவிடும். காசு செலவில்லை. சாருக்கு இது தெரியாதா? ஸ்பீக்கரோடு வந்த கையேட்டை வரிக்கு வரி படித்தவர். ஆனால் ஹால் வீட்டம்மாவின் ஆட்சிப் பகுதி. இடது டவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். வலது டவர் சாமி அலமாரிக்குப் பக்கத்தில். அதன் தலையில் ஒரு மணி பிளான்ட். வீட்டம்மாவுக்கு சுசீலா பாட்டு கேட்கத் தோன்றினால் செல்போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டு அடுப்படியில் வைத்துக்கொள்கிறார். நன்றாகத்தான் கேட்கிறது.

போன தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தது. பெயின்டர் யாரையும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் பிடித்து ஹால் நடுவுக்கு இழுத்துப் போட்டார், தரை முழுக்கப் பழைய போர்வைகளை விரித்தார், வேலையை முடித்துவிட்டு மதியம் சாப்பிடப் போனார். சார் சும்மா ஒரு பாட்டு போட்டார். அப்படியே நின்றுவிட்டார். 'தும்' தும்மாகவே வந்தது, ஹும்மென்று இழுக்கவில்லை. பாடகர் நடுவில் வந்து நின்றார். அந்தப் பாட்டை முதல் தடவையாகக் கடைசிவரை கேட்டார். எனக்கு உடனே போன் வந்தது.

"சொன்னேன்ல? கேபிள் செட்டாக நூறு மணி நேரம் ஆகும்னு. இன்னைக்குத்தான் திறந்திருக்கு!"

மறுநாள் பெயின்ட் காய்ந்தது. போர்வைகள் துவைக்கப் போயின. "தீபாவளிக்கு நாலு பேர் வர்ற வீடு, இதென்ன நடு ஹால்ல ரெண்டு தூண்" என்று டவர்கள் பழைய மூலைக்கே திரும்பின. தீபாவளி முடிந்த வாரம் சார் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு காகிதம், நிறைய எண்கள்.

"கேபிள் திறந்தப்புறம்தான் தெரியுது, ஆம்ப் மூச்சு திணறுது. இருநூத்தம்பது வாட்ல ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பழசுக்கு ஆள் இருந்தா சொல்லுங்க. கேபிளோட வேணாம், ஆம்ப் மட்டும்தான்."