கல்லோடு மல்லுக்கட்டும் வேலை

கே: ஜியோபிசிக்ஸ் படித்துப் பூகம்பத்தை ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள். பூகம்பமே வராத ஊரில் இதெல்லாம் எதற்கு? (அம்மாபேட்டை அம்மா ஒருவர்)

ப: வராத ஊரா? 2018 ஜூலையில் சேலமே வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்ததே! 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கம் ஆடியதோ 6 ரிக்டரை ஒட்டி.

கே: வேலையில் அப்படி என்னதான் செய்வாளாம்?

ப: கல் உடைப்பாள், சம்பளத்தோடு. பாறைத் துண்டை எந்திரத்தில் இறுக்கி, எவ்வளவு அழுத்தினால் வழுக்குகிறது என்று அளப்பாள். பீரோவைத் தள்ளும்போது அசையவே அசையாமல் இருந்து சட்டென்று எகிறுகிறதல்லவா? நிலப்பிளவும் அப்படித்தான் என்று 1966-இல் பிரேஸ், பயர்லீ என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கருங்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, உராய்வு ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1978-இல் பயர்லீ காட்டினார். களிமண் மட்டும் விலக்கு. கல்லில் சாதி இல்லை. ஊரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கே: நம்ம மாவட்டத்தில் அவள் பார்க்க ஏதாவது உண்டா?

ப: ஆத்தூர் போய் கெங்கவல்லிக்கு பஸ் ஏறச் சொல்லுங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பிளவின் இரு பக்கமும் உரசிய வேகத்தில் பாறையே உருகி, கறுப்புக் கோடுகளாக உறைந்து கிடக்கிறது. சூடோடேக்கிலைட் என்பார்கள். பூகம்பம் தன் கைப்பட எழுதிவிட்டுப் போன கையெழுத்து. பக்கத்துக் கல்குவாரிக்காரருக்கு அது வெறும் ஜல்லி.

கே: மேட்டூர் அணைத் தண்ணீர் பூகம்பத்தைக் கிளப்புமா?

ப: மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை கட்டி நீர் தேக்கிய பிறகுதான், 1967 டிசம்பர் 10-இல் 6.3 அளவில் குலுங்கியது. விரிசலுக்குள் இறங்கும் நீரின் அழுத்தம், பாறைகளின் பிடியைத் தளர்த்திவிடும். ஆனால் கீழே முறுக்கேறிய பிளவு ஏற்கெனவே இருக்க வேண்டும். 1934 முதல் நிற்கும் மேட்டூர் அப்படியொரு பெயர் எடுக்கவில்லை. கொய்னா பக்கமோ, காரணம் தேடி 3 கி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டார்கள்.

கே: எப்போது வரும் என்று தேதி சொல்வாளா?

ப: உலகில் யாராலும் இன்னும் முடியவில்லை. வாட்ஸ்அப் மாமாக்கள் தனிக் கணக்கு.

கே: வேலை எங்கே கிடைக்கும்?

ப: ஹைதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பாறைக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988-இல் கோலார் தங்கவயலில் தொடங்கியது. அங்கே தங்கச் சுரங்கத்தில் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கி, அழுத்தம் தாங்காமல் சுரங்கப் பாறை வெடிக்கும்போது செத்தவர்களில் நம் தமிழர்கள் நிறைய. அந்தச் சுரங்கம் 2001-இல் மூடிவிட்டது. பாறை விஷயம் மூடவில்லை.

கே: மாப்பிள்ளை வீட்டில் என்ன வேலை என்று சொல்வது?

ப: சென்ட்ரல் கவர்ன்மென்ட் என்று சொல்லுங்கள். மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.