ரங்கூன் திரும்பிய மேலாள்

1930-களில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில், மேஜையும் நாற்காலியும் காலியாகக் கிடந்தாலும் அவற்றை ஏறிட்டும் பாராமல், தரையில் சம்மணமிட்டு, எதிரே உள்ள மரப்பெட்டியின் சாய்ந்த மூடிமேல் பேரேட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கண்டிருப்பீர்களானால், அவர் ரங்கூனிலோ பெகுவிலோ மோல்மேனிலோ லேவாதேவிக் கடையில் மேலாளாக இருந்தவர் என்று தைரியமாகப் பந்தயம் கட்டியிருக்கலாம்.

பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாக உயர்ந்து, பின்பு மேலாள் என்னும் ஸ்தானத்தை அடைந்து, மூன்று வருஷக் கணக்கென்று ஒப்பந்தம் பேசி, சம்பளத்தோடு லாபத்திலும் ஒரு பங்கு பெற்று வாழ்ந்தவர் அவர். பல கடைகள் அருகருகே பெட்டி போட்டு அமர்ந்த கிட்டங்கியே அவருக்குக் காரியாலயம், போஜனசாலை, சயனக்கிருகம் எல்லாம். ரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்த சபையைப் பற்றி அவர் பேசும்போது, தேவேந்திரன் சபையை வர்ணிக்கும் பௌராணிகர்கூடச் சற்று அடக்கமாகவே பேசுகிறார் என்று தோன்றும்.

1930-க்குப் பின் உலகமெங்கும் வியாபாரம் மந்தித்து, பர்மா நெல்லின் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. கடன்பட்ட குடியானவர்கள் ரொக்கம் கொடுக்க வழியின்றி, ஈடு வைத்த நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் 1930-ஆம் வருஷம் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த இக்கடைகளின் நிலம், 1937-க்குள் நாலில் ஒரு பங்காகப் பெருகிவிட்டது. கேட்பதற்குப் பெரிய பாக்கியம்தான். ஆனால் வட்டியைத் தவிர வேறொன்றையும் அறுவடை செய்தறியாத மேலாள், விற்க முற்பட்டால் வாங்குவாரும் குத்தகை கேட்டால் கொடுப்பாருமில்லாத சேற்றுக்கு நடுவே மிராசுதாராக நின்றார். புதுத் தொழிலைத் தாமே விரும்பிப் போய்த் தழுவுகிறவர்கள் உலகத்தில் இருக்கலாம். நம்மவருக்கு வாய்த்தது திருதராஷ்டிர ஆலிங்கனம்.

ஊருக்குத் திரும்பியவர், வேலை போயிற்று என்று ஒருபோதும் சொன்னதில்லை. "கணக்கு முடித்து வந்திருக்கிறேன்" என்றுதான் சொல்வார். முதலில் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டானார். கடன் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேரை இல்லையென்று திருப்பியனுப்பிப் பழகிய மனிதர், ஒன்றும் கேளாத ஒருவரிடம் வலியப் போய் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மன்றாடுவது எங்ஙனம்? பாலிஸி எடுக்கச் சம்மதித்தவரின் சொத்து, கடன், தாயாதி வழக்கு ஆகியவற்றையெல்லாம் ஒரு மாதம் விசாரித்துவிட்டு, "இவரை நம்பி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அவரே கம்பெனிக்கு எழுதிவிடுவார். பஸ் முதலாளியாகவும் சில காலம் இருந்தார். அதைப் பற்றி அவரே பேசியதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

1931-இல் "காளிதாஸ்" வெளிவந்தபின் தமிழ்நாட்டைப் பேசும் படப் பித்துப் பிடித்திருந்த நாளில், கூட்டாளிகள் சிலரோடு சேர்ந்து ஹரிச்சந்திரன் கதையைப் படமாக்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். ஸ்டூடியோவில் மயான காண்டம் நடக்கிறது. சந்திரமதி புலம்பப் புலம்ப விளக்குப் பிடிக்கிறவன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நம்மவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏன் ஐயா, விசுவாமித்திரரை இப்படிக் கொடுமைக்காரராகக் காட்டலாமா? தவணை கொடுத்திருக்கிறார், வட்டி ஒரு காசு கேட்கவில்லை. கடன் கொடுத்தவர்களில் அவரைப்போல ஒரு தர்மிஷ்டரை நான் பர்மா முழுவதும் பார்த்ததில்லை" என்றார் டைரக்டரிடம்.

"கதை அப்படி அல்லவா?" என்றார் டைரக்டர்.

"கதை இருக்கட்டும். பெண்சாதியை விற்றபோது முறி எழுதினார்களா? சாட்சிக் கையெழுத்து யார் யார்?"

கடனை வசூலிக்க நட்சத்திரேசன் வந்து தரகு கேட்கும் காட்சி ஒன்றுதான் அவருக்குப் பூரண திருப்தியை அளித்தது. அந்த நடிகருக்கு ஒரு சால்வை போர்த்தினார் என்றும் கேள்வி. படம் ஓடவில்லை. ஆயினும் நாற்பது பாட்டுக்கும் தனித்தனியே செலவு பிரித்து அவர் தயாரித்த ஐந்தொகையில் ஒரு தம்பிடிகூட இடிக்கவில்லை என்று கூட்டாளிகள் பின்னாளிலும் கண்ணீருடன் சொல்லுவார்கள்.

1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கு காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிடத்திலும் ஒரே நாளில் திறக்கப்பட்டதைக் கண்டு, தம் ஜாதகம் திரும்பிவிட்டதென்றே நினைத்தார். ஆனால் பாங்கு வேலைக்கு நாற்காலியில் உட்கார வேண்டும். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டினால் அவருக்குக் கூட்டல் தவறிவிடும். நாற்காலிமேலேயே சம்மணமிட்டுப் பயிற்சி செய்து பார்த்தும், வீட்டிலிருந்த இரண்டு நாற்காலிகளின் பிரம்பு அறுந்ததுதான் மிச்சம். மூன்றாவதை அவர் மனைவியான ஆச்சி பூட்டி வைத்துவிட்டார்.

கடைசியில், பழைய முதலாளி ஊரிலேயே திறந்த ஜவுளிக் கடைக்கு அவர்தாம் மேலாளானார். வேஷ்டி வாங்க வருகிறவரிடம் குடும்ப யோகக்ஷேமத்தை விசாரித்து, பூர்வோத்தரங்களைத் தெரிந்துகொண்ட பிறகே துணியைப் பிரிப்பார். மூன்று வருஷக் கணக்கு இங்கும் உண்டு. முதலாளியின் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. எனினும் கடல் கடந்து எழுதிய சம்பிரதாயம் கெடலாகாதென்று, மாதக் கணக்கை உறையிலிட்டு, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் சேர்ப்பார். ஒரு மாதம் முதலாளியும் தபாலிலேயே, "உபயக்ஷேமம். தபால் செலவென்று பற்று எழுதியிருப்பதன் முகாந்தரம் தெரிவிக்கவும்" என்று கேட்டிருந்தார். நம்மவர் நான்கு பக்கத்தில் சமாதானம் எழுதி மறு தபாலில் அனுப்பிவிட்டு, அதற்கான ஸ்டாம்பையும் அன்றே பற்று எழுதிவிட்டார்.