தப்பாமல் தப்புத் தீர்ப்பு சொல்வது எப்படி?

அமெச்சூர் குத்துச்சண்டையில் ரெஃப்ரி ஆக நல்ல கண்பார்வை வேண்டும் என்பார்கள். நம்பாதீர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் சடோஷி ஷிமிசுவிடம் அடி வாங்கிய அஜர்பைஜான் வீரர், மூன்றாவது ரவுண்டில் மட்டும் ஆறு முறை விழுந்தார். ரெஃப்ரி எண்ணவே இல்லை. தலைக்கவசத்தைச் சரிசெய்துவிட்டு, ஆடு ராசா என்று விட்டுவிட்டார். 22-17 என ஜெயித்தது விழுந்தவர்தான்! அப்பீலில் முடிவு மாறியது, ரெஃப்ரி ஊருக்கு அனுப்பப்பட்டார். பாசம் காட்டலாம், இத்தனை கேமராக்களுக்கு முன்னால் வேண்டாம்.

காது மட்டும் கூர்மையாக இருக்கட்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் அரையிறுதியில், 'ஸ்டாப்' சொன்ன பிறகு குத்தினார் என்று இவாண்டர் ஹோலிஃபீல்டைத் தகுதிநீக்கம் செய்தார் ரெஃப்ரி. குத்து வாங்கிச் சாய்ந்த நியூசிலாந்தின் கெவின் பேரி வெற்றியாளர்! ஆனால் நாக் அவுட் ஆனவர் 28 நாள் ரிங்குக்குள் வரக்கூடாது என்பது அன்றைய விதி. எனவே இறுதிப்போட்டியே நடக்காமல் தங்கம் யூகோஸ்லாவிய வீரருக்குப் போனது. ரெஃப்ரியும் யூகோஸ்லாவியர். தற்செயலாகவே இருக்கலாம், அதைச் சொல்லும்போது சிரித்துவிடாமல் இருக்கப் பழகுங்கள்.

ஜட்ஜ் நாற்காலி கிடைத்தால் இன்னும் சுகம். அதற்கு 1988 சோல் இறுதிப்போட்டியைத்தான் பாடமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகள் பதித்தார், உள்ளூர் வீரர் பார்க் சி-ஹுன் 32. தங்கம் பார்க்குக்கு, 3-2. பார்க்குக்கு ஓட்டுப் போட்ட மூவரில் ஒருவரான மொராக்கோ ஜட்ஜ் பிறகு சொன்ன விளக்கம் பொன்னானது: ஜோன்ஸ் சுலபமாக ஜெயித்துவிட்டார், மற்ற நால்வரும் அவருக்கே போடுவார்கள், போட்டி நடத்தும் நாட்டுக்குச் சங்கடம் வேண்டாமே என்று என் ஓட்டைப் பார்க்குக்குப் போட்டேன். மொய் எழுதுகிற மாதிரி மார்க் போட்டிருக்கிறார் மனிதர். இதே மரியாதை இன்னும் இரண்டு பேருக்குத் தோன்றும் என்று எப்படித் தெரியும்? தோற்ற ஜோன்ஸுக்கே அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையையும் கொடுத்துச் சமன் செய்தார்கள். லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என 1997-ல் ஒலிம்பிக் கமிட்டி சொன்னது. 2023-ல் பார்க் தானே அமெரிக்கா போய் ஜோன்ஸிடம் பதக்கத்தைக் கொடுத்தார். ஆகவே அவசரப்பட்டு நீங்கள் திருத்த வேண்டியதில்லை. 35 வருடத்தில் வீரர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சோலுக்குப் பிறகு பட்டன் வைத்த இயந்திரம் வந்தது. ஐந்தில் மூன்று ஜட்ஜுகள் ஒரு நொடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் புள்ளி என்று விதி வைத்தார்கள். அதற்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை, கொஞ்சம் தாமதமாக அழுத்தினால் போதுமானதாக இருந்தது. அந்த லண்டன் 22-17கூட பட்டன் அழுத்தி வந்த புள்ளிதான்.

கடைசியாக, புகார். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் தென் கொரிய வீராங்கனையிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட நம் சரிதா தேவியின் தரப்பு, அங்கே இங்கே கேட்டுத் திரட்டிய 500 டாலரைக் கட்டி முறையிட்டது. ஜட்ஜுகளின் முடிவைக் கேள்வி கேட்க முடியாது என்று தள்ளுபடி செய்தார்கள். வெண்கலத்தை வாங்க மறுத்து அழுதார் சரிதா. ஓராண்டுத் தடை விதித்தார்கள், சரிதாவுக்கு.